நீலமுடிக்காரி கிறுகும் நேரம்

கல்லில் செதுக்கி, ஓலையில் எழுதி, சீலையில் தீட்டி, ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மனிதகுலம் தேடித் திரிந்த பூரணமான கலைவடிவம் கடைசியில் கிடைத்தேவிட்டது. யாரோ வரைந்த யப்பான் கார்ட்டூனை, யாரோ பாடிய பாட்டுக்குப் பொருத்தமாக வெட்டி ஒட்டுவதுதான் அது. இது உதயரூபனின் கருத்து. கல்லடியில், அன்ரோவின் வீடியோக் கடைப் பின்னறையில், கிழமைக்கு இரண்டு தரமாவது இதை அவன் வெளியிடுவான். கேட்பதற்கு அன்ரோ மட்டும்தான் இருப்பார். அவரும் கலியாண அல்பத்துக்குப் பசை பூசிக்கொண்டிருப்பார்.

"ஓம் மனே," என்பார். "அந்தக் கத்தரிக்கோலை இஞ்சால தா."

இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு. சண்டை ஓய்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வருடக்கணக்காகத் தள்ளிப்போன கலியாணங்கள் எல்லாம் ஒரேயடியாக நடந்துகொண்டிருந்தன. பகல் முழுவதும் உதயரூபன் மாப்பிள்ளை பொம்பிளையை ரோசாப்பூவுக்குள் வைத்தான், இதயத்துக்குள் வைத்தான், கேட்டால் வைன் கிளாசுக்குள்ளும் வைத்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு தன் கலையைச் செய்தான். இருபத்தொன்பது வயதுக்குள் பதினொரு அனிமே வீடியோக்கள். பதினொன்றும் இணையத்தில் இருந்தன. அவற்றை யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வியை அன்ரோ ஒருமுறைதான் கேட்டார்.

உலகத்திலேயே சிறந்தவை என்று அவன் கருதிய பதினான்கை ஒரு சீடியில் எழுதி வைத்திருந்தான். அன்ரோ அழித்துவிடக்கூடாது என்பதற்காக அதன்மேல் 'சாமத்தியவீடு 2, கெட்டுப்போனது' என்று போட்டிருந்தான். அதில் ஒன்று பிரேசிலில் யாரோ செய்தது. குத்துச்சண்டைக்காரப் பொடியன் ஒருவனின் கதை, பின்னால் ஓடுவதோ தாலாட்டு. கை ஓங்கும், ஆனால் குத்து விழாது. விழவேண்டிய இடத்தில் அவனுடைய தாய் அடுப்படியில் மூடியைத் திறப்பாள். மூன்று நிமிடத்தில் ஒரு குத்துக்கூட விழாது, பார்க்கிறவனுக்கு மட்டும் தாடை வலிக்கும். இன்னொன்றில் ஒரு பெட்டை ஒரு கோப்பை நூடில்ஸ் சாப்பிடுவாள். அவ்வளவுதான். வயலின் அழும், அவள் சாப்பிடுவாள், கடைசி வாய்க்குத்தான் முதல் வெட்டு வரும். மூன்றாவதில் தாடிக்கார வாள்வீரன் ஒருவன் ஒரு பெண்பிள்ளையின் குரலில் காதல் பாட்டுப் பாடுவான், ஒவ்வொரு எழுத்துக்கும் வாய் பொருந்தும். அந்த வாயைப் பொருத்தியவனுக்கு எட்டு மாதம் பிடித்ததாம்.

இவை ஏன் வேலை செய்கின்றன என்பதற்கு உதயரூபனிடம் விதிகள் இருந்தன. படத்தின் கீழே எழுத்து ஓடக்கூடாது; ஓடினால் அது திருட்டுப் படம் என்று உலகத்துக்கே தெரிந்துவிடும். மேள அடிக்கு வெட்டுகிறவன் கற்றுக்குட்டி. படத்துக்குள் இருக்கும் அசைவை மேளமாகக் கேட்கிறவனே கலைஞன். எல்லாவற்றுக்கும் மேலாக, கையை எடுக்க வேண்டிய இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். விதிகளைச் சொல்வதில் அவனை அடிக்க ஆளில்லை. அவனுடைய சொந்த வீடியோக்களில் மட்டும் ஒவ்வொரு மேள அடிக்கும் படம் மாறியது. அன்ரோ அதைப் பார்த்தால் கண் கூசுகிறது என்று சொல்லி வெளியே போய்விடுவார்.

ஆனால் பார்க்க ஒரு ஆள் இருந்தது. சுகி.

ஒவ்வொரு வீடியோவுக்குக் கீழேயும் சுகி என்ற பெயரில் ஒரு குறிப்பு வரும். முதலில் நேரம், பிறகு ஒரு சொல். '1.42 பிந்திட்டு.' '0.55 ஆட்டம் கூட.' ஒரேயொருமுறை, '3.08 நல்லம்.' எல்லாம் ஆங்கிலத்தில், கஞ்சத்தனமான ஆங்கிலத்தில். பெயருக்குப் பக்கத்தில் நாடு யப்பான் என்றிருந்தது. உதயரூபன் அந்த '3.08 நல்லம்' என்பதை அச்சிட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு, பின்னறையில் மாட்டினான்.

"யப்பானில ஒரு விமர்சகி என்ட வேலைகளைத் தொடர்ந்து அவதானிக்கிறா," என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொன்னான். கலியாண வீடியோவுக்கு முற்பணம் கட்ட வந்தவர்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

கடையில் இணைய இணைப்பு இல்லை. வீடியோவை ஏற்றுவதற்கு அரசடியில் இருந்த நெட் கபேக்குப் போகவேண்டும். ஒரு வீடியோ ஏறி முடிய நாலு மணித்தியாலம் ஆகும். அவ்வளவு நேரம் குந்தியிருக்க ஒரு கலைஞனுக்கு முடியாது ஆகையால், அங்கே போட்டோக்கொப்பி மெசினடியில் நிற்கும் மார்கிறட்டிடம் பென் டிரைவைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவான். முன்பு நாவலடியில் இருந்த குடும்பம். சுனாமிக்குப் பிறகு திராய்மடுவில் கட்டிக்கொடுத்த வீடொன்றில் இருந்தாள். அவளும் அக்காவும்தான், அக்கா போன வருடம் வெளிநாட்டுக்குத் தைக்கப் போய்விட்டாள்.

"இது என்ன அண்ண, சின்னப்பிள்ளையள் பாக்கிறதா?" என்று முதல் தரம் கேட்டாள்.

"இது உனக்கு விளங்காது தங்கச்சி. நீ ஏத்தி மட்டும் விடு."

"ஓம்," என்றாள் மார்கிறட்.

கார்த்திகை மாதம் யோகராசா சேர் கடைக்கு வந்தார். ஓய்வுபெற்ற அதிபர், கலை வட்டம் ஒன்றின் தலைவர். அந்த வட்டத்தில் தலைவரைத் தவிர வேறு யார் இருந்தார்கள் என்பது தெளிவில்லை. சுனாமியின் ஆறாம் ஆண்டு நினைவு விழாவுக்குத் தாமே எழுதித் தாமே பாடிய ஒரு பாட்டைச் சீடியில் கொண்டுவந்திருந்தார். ஆறரை நிமிடம். மூன்றாவது சரணத்தில் "ஆழிப் பேரலையே நீ ஏன் எழுந்தாய்" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் இன்னும் மூன்று சரணம் கேட்டிருந்தார்.

"காட்சி வேணும் தம்பி. ஆனால் பிரேதங்கள் வேண்டாம். கௌரவமாக இருக்கவேணும்."

உதயரூபன் கதிரையை நிமிர்த்திக்கொண்டான். அவனிடம் ஒரு கார்ட்டூன் இருந்தது. கடற்கரைப் பள்ளிக்கூடம், நீலத் தலைமுடிக்காரி ஒருத்தி, கடைசியில் மலைபோல் ஒரு அலை. போட்டுக் காட்டினான்.

"நீர் கீறினதோ?" என்றார் சேர்.

"யப்பான்காரர் கீறினது சேர். நான் சுனாமிக்குப் பொருத்தமா..."

"சுனாமி எண்டு சொல்லப்படாது." சேர் கையை உயர்த்தினார். "அது யப்பான் சொல். நாங்கள் தமிழர். ஆழிப்பேரலை." பிறகு யப்பான் கார்ட்டூனை ஆழ்ந்து நோக்கினார். "இது நல்லாயிருக்கு. அழைப்பிதழில அசைபட ஓவிய இசைக்காவியம் எண்டு போடுவம். நீரும் அண்டைக்கு நேரில கண்டவர்தானே? தென்னைமரத்தில ஏறினதாச் சொன்ன ஞாபகம்."

"ஓம் சேர்," என்றான் உதயரூபன்.

அந்தத் தென்னைமரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். சுனாமிக்கு அடுத்த மாதம் ஒரு வெள்ளைக்காரப் பெண் குறிப்புப் புத்தகத்தோடு கல்லடிக்கு வந்து, அன்றைக்கு நீ எங்கே இருந்தாய் என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். வரிசையில் அவனுக்கு முன்னால் நின்றவர் மரத்தில் ஏறித் தப்பியதாகச் சொன்னார். உதயரூபனும் அதையே சொன்னான். அவள் அழுதாள். பிறகு மரத்தை இறக்கி வைக்க இடமே கிடைக்கவில்லை. வருடாவருடம் அது கொஞ்சம் வளர்ந்தது. ஆறு வருடத்தில் ஒரு பிள்ளையையும் ஒரு ஆட்டையும் அதில் ஏற்றிவிட்டான்.

"விழாவில உமக்கு ஒரு சான்றிதழ் இருக்கு," என்றார் சேர். "'ஆழிப்பேரலையை நேரிற்கண்ட கலைஞர்'. இரண்டு சொல் பேசவேணும்."

உதயரூபன் ஒன்பது மதியங்கள் உழைத்தான். அலை எழும் இடத்தில் பாட்டில் மேளம் நாலு தரம் இடிக்கும். நாலு இடிக்கும் அலையை நாலு பக்கத்திலிருந்து காட்டி, பிறகு நீலமுடிக்காரியின் தலை திரும்பும்போது வெட்டி, திரையை வெள்ளையாக்கினான். பார்த்துவிட்டு அவனுக்கே புல்லரித்தது. மார்கிறட்டிடம் கொடுத்து ஏற்றச் சொன்னான்.

மறுநாள் சுகியின் குறிப்பு வந்திருந்தது. இம்முறை நீளமாக. ஆங்கில எழுத்தில், ஆனால் தமிழில்.

'2.14ல அவள் கிறுகிப் பாக்கக்குள்ள வெட்டுறீங்க. வெட்ட ஒண்ணா. முழுக்கக் கிறுகி முடியட்டும். அலை மேளத்துக்கு வராது. முதல்ல தண்ணி உள்ள போகும். சத்தமே இருக்காது. ஆக்கள் மீன் பொறுக்கப் போவாங்க. மறுகாதான் வரும். இதைச் செய்தவர் கடலைக் காணல்ல.'

அவன் அதைத் தாளில் எழுதிவந்து அன்ரோவிடம் வாசித்துக் காட்டினான்.

"யப்பானில இருந்துகொண்டு தமிழும் படிச்சிருக்கிறா போல," என்றான்.

அன்ரோ தாளை வாங்கிப் பார்த்தார். பசைக் கையோடேயே பார்த்தார்.

"மனே, இவ யப்பானும் இல்ல, யாழ்ப்பாணமும் இல்ல. அங்க எண்டா திரும்பி எண்டு எழுதுவாங்க. கிறுகி எண்டு சொல்றது நாமதான்." சற்று யோசித்தார். "அதுவும் கடற்கரையாள்."

உதயரூபன் உட்கார்ந்தான். உள்ளூர் ஆள். கண்ட ஆள். விழாவுக்கு வரக்கூடிய ஆள். சுவரில் மாட்டியிருந்த '3.08 நல்லம்' அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னடா முகம் கறுத்துப்போச்சு? கேக் இருக்கு, சாப்பிடு. நத்தாருக்கு முதலே அவ அடிச்சிட்டா." அன்ரோவின் மனைவி கிறிஸ்துமசுக்குச் செய்யும் றிச் கேக்குக்குக் கல்லடியில் பெயர் இருந்தது.

"எனக்கு ஒண்ணா அண்ண."

"நீ என்ன, ஆறு வருசமாத் தொடுறாயே இல்ல. முந்தி எப்படித் தின்னுவாய்!"

உதயரூபன் சைக்கிளை எடுத்துக்கொண்டு அரசடிக்குப் போனான்.

மார்கிறட் யாருடையதோ அடையாள அட்டையைக் கொப்பி எடுத்துக்கொண்டிருந்தாள். மெசின் ஒளி அவள் முகத்தில் போய்ப் போய் வந்தது.

"தங்கச்சி, இந்தச் சுகி எண்டவ எங்க இருந்து எழுதுறா எண்டு கொம்பியூட்டரில கண்டுபிடிக்க ஏலுமா?"

"ஏன் அண்ண?"

"என்னைக் கடலைக் காணல்ல எண்டு எழுதியிருக்கிறா. பெரிய இவ, கண்டவ மாதிரி."

"கண்டவதான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே எழுதின," என்றாள் மார்கிறட். அடையாள அட்டையை மறுபக்கம் புரட்டி வைத்து மூடியை மூடினாள்.

உதயரூபன் முதலில் கேட்டது, "அப்ப யப்பான்?"

"அக்கா சுகிர்தாட எக்கவுண்ட். அவ யோர்தானுக்குப் போகக்குள்ள நான்தான் திறந்து குடுத்த. யோர்தானை அமத்தப் போய் யப்பான் அமத்துப்பட்டுப் போச்சு. ரெண்டும் பக்கத்தில பக்கத்தில கிடக்குது. அவ பாவிக்கிறதும் இல்ல."

"ஒரு வருசமா? என்னட்ட நேர சொல்லியிருக்கலாமே புள்ள!"

"நேர சொன்னாக் கேப்பீங்களா? விளங்காது எண்டுதானே சொன்னீங்க. யப்பானில இருந்து சொன்னாக் கேக்கிறீங்க." அவள் கொப்பியை எடுத்து ஓரம் தட்டினாள். "நாலு மணித்தியாலம் ஏறும் அண்ண. சும்மாதானே நிக்கிறன். ஒவ்வொண்டையும் இருவது தரம் பாத்திருப்பன். பார்வை எண்டு எண்ணிக்கை போடுதே, அதுல முக்கால்வாசி நான்தான்."

மிச்சம் யார் என்பது உதயரூபனுக்குத் தெரியும்.

"அந்தப் பிரேசில்காரன்ட எனக்கும் பிடிக்கும்," என்றாள் அவள் திடீரென்று. "ஒருக்கா உங்கட பென் டிரைவில கிடந்திச்சு. அவன் ஒரு குத்தும் காட்டல்ல. ஏன் எண்டா குத்து வாங்கினவனுக்குக் குத்து ஞாபகம் வராது அண்ண. அதுக்கு முதல் நடந்ததுதான் வரும். எங்கட அம்மா வாளியைக் கொண்டு இறங்கினா. தம்பி பின்னால போனான். இவ்வளவு மீன் கிடக்கு, ஓடிவா எண்டு எனக்குக் கை காட்டினா. நான் செருப்பைத் தேடிக்கொண்டு நிண்டன். எல்லாரும் ஒரேயடியாக் கிறுகிப் பாத்தாங்க. சத்தம் மறுகாதான் வந்திச்சு."

மெசின் நின்றது. அவள் கொப்பிகளை ஒரு உறையில் போட்டாள்.

"நீங்க எந்த மரத்தில அண்ண ஏறின? எங்கட நாவலடிப் பக்கமா, டச்பார் பக்கமா?"

"நடுவில," என்றான் உதயரூபன்.

மார்கிறட் அவனைப் பார்த்தாள். பிறகு அடுத்த ஆளின் கடிதத்தை வாங்கினாள்.

அடுத்த மதியம் அவன் வெட்டத் தொடங்கினான். மேளத்தின் நாலு இடியையும் எடுத்தான். அலையின் நாலு பக்கத்தையும் எடுத்தான். கார்ட்டூனின் வேறொரு பாகத்தில், கதைக்குச் சம்பந்தமில்லாமல், கடல் வற்றிக் கிடக்கப் பிள்ளைகள் சிப்பி பொறுக்கும் ஒரு காட்சி இருந்தது. அதைக் கொண்டுவந்து வைத்தான். பாட்டை நிறுத்தினான். நீலமுடிக்காரி முழுவதுமாகத் திரும்பி முடியும்வரை, பதினொரு விநாடி, கையைத் தொடையின்மேல் வைத்துக்கொண்டு சும்மா இருந்தான். அவன் வாழ்க்கையில் செய்த மிகக் கடினமான எடிட்டிங் அதுதான். அலையையே அவன் காட்டவில்லை.

இதில் ஒரு சிறு பிரச்சினை இருந்தது. பாட்டு நின்ற இடத்தில் யோகராசா சேர் "நீ ஏன் எழுந்தாய்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ட மூன்றாம் சரணம் எங்கே?" என்றார் சேர், ஒத்திகை பார்க்க வந்தபோது. நெற்றியில் நரம்பு எழுந்தது. "அதுதான் தம்பி உயிர்நாடி! அதில நான் சுருதி ஏத்தியிருக்கிறன்!"

உதயரூபன் அரை நிமிடம் யோசித்தான்.

"அது மௌன அஞ்சலி சேர்," என்றான்.

சேர் வாயை மூடினார். திரையைப் பார்த்தார். திரும்பவும் போடச் சொன்னார். பதினொரு விநாடியும் தாமே எழுந்து நின்றார்.

"நல்லது," என்றார். "இதை நான் முதலிலேயே உத்தேசித்தனான்."

மார்கழி இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை, காலை. கல்லடியில் ஒரு பாடசாலை மண்டபம். நூறு பேர்வரை இருந்தார்கள். அன்ரோ பின்னால், படம் போடும் மல்ரிமீடியாவோடு நின்றார். மார்கிறட் மூன்றாவது வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். சேர் வரவேற்புரை நிகழ்த்தினார். ஆழிப்பேரலை என்ற சொல்லின் வேரை விளக்கினார். தமது பாடலில் தாமே வைத்த மௌனத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசினார்.

வீடியோ ஓடியது. முதலில் கார்ட்டூன் என்று கண்டு பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "சின்னப்பிள்ளையள்ட படமாக்கும்," என்று ஒரு கிழவி உரக்கவே சொன்னாள். பிறகு தண்ணீர் வற்றியது. பிள்ளைகள் குனிந்து பொறுக்கினார்கள். பாட்டு நின்றது. நீலமுடிக்காரி மெல்ல மெல்லத் தலையைத் திருப்பினாள்.

மண்டபத்தில் பெரும்பாலானவர்கள் அந்தக் கடற்கரைக்காரர்கள். யாரும் சொல்லாமலே, பாதிப்பேர் தலையைத் திருப்பிக் கடல் பக்கத்துக் கிழக்கு யன்னலைப் பார்த்தார்கள். யன்னலுக்கு வெளியே யாரோ ஒருவருடைய மோட்டார்சைக்கிள் நின்றது.

உதயரூபன் மேடை ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். ஆறு வருடமாக அவன் எதிர்பார்த்த வெற்றி இதுதான். அது வந்திருந்தது. மார்கிறட் மட்டும் யன்னலைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்தாள். முடிந்ததும் அவன் பக்கம் பார்த்து, ஒரு தரம் தலையாட்டினாள். வேறு யாருக்கும் விளங்காது. '2.14 சரி' என்று அர்த்தம்.

சேர் சான்றிதழோடு மைக்குக்கு வந்தார். "இந்தக் காவியத்தை ஆக்குதற்கு நேரிற் கண்டவனால் மாத்திரமே இயலும்! தென்னையின் உச்சியிலே, ஒரு கையில் குழந்தை, மறு கையில் ஆடு! தம்பி உதயரூபன் அவர்களே, அந்த வேளையிலே தாங்கள் கண்ட காட்சியை இச்சபைக்குச் சொல்லுங்கள்!"

ஒரு கையில் குழந்தையும் மறு கையில் ஆடும் இருந்தால் மரத்தை எதனால் பிடித்தான் என்று உதயரூபனுக்கே அப்போதுதான் தோன்றியது. மைக்கை வாங்கினான். எழுதிக் கொண்டுவந்த இரண்டு சொல் சட்டைப்பையில் இருந்தது. மூன்றாவது வரிசையைப் பார்த்தான். அவள் கைப்பையின் பட்டியைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அந்த மரத்தை இன்னுமொருமுறை அவள் முன்னால் நட அவனால் முடியவில்லை.

"மரம் இல்ல சேர்," என்றான்.

"எப்படி?"

"நான் கடலைக் காணல்ல. பழுகாமத்தில மாமாட வீட்ட இருந்தன். அந்தப் பதினொரு செக்கனையும் சொல்லித் தந்தது அந்தா இருக்கிற மார்கிறட். அவதான் கண்டவ."

சபை மார்கிறட்டைப் பார்த்தது. மார்கிறட் தரையைப் பார்த்தாள். ஆனால் பட்டியைச் சுற்றுவதை நிறுத்தியிருந்தாள். சேர் சான்றிதழைப் பார்த்தார். அது ஏற்கெனவே லெமினேற் பண்ணப்பட்டிருந்தது.

"அப்படியானால்," என்றார் சேர், விழாவை எப்படியாவது நிமிர்த்திவிடவேண்டும் என்ற பதற்றத்தில், "அந்தத் துயர வேளையிலே, பழுகாமத்தின் வயல்வெளியிலே நின்றவாறு, தங்கள் உள்ளத்திலே ஏதாவது ஒரு முன்னுணர்வு..."

"வயல்லயும் இல்ல சேர். விடிஞ்சதில இருந்து கக்கூசுக்குள்ள இருந்தன்."

சேர் மைக்கைப் பிடுங்கப் பார்த்தார். உதயரூபன் விடவில்லை, வேண்டுமென்று அல்ல, கை இறுகிப்போயிருந்தது. மண்டபத்தின் பின்னாலிருந்து, மல்ரிமீடியாவுக்குப் பக்கத்திலிருந்து, ஆறு வருடக் கணக்கொன்றைத் தீர்த்துவிட்ட குரலில் அன்ரோ கேட்டார்:

"மனே, எங்கட வீட்டுக் கேக்கா?"

மைக் போட்டபடியே இருந்தது.

"ஓம் அண்ண," என்றான் உதயரூபன். "ஒம்பது துண்டு."